விழிப்பு மாத்திரையின் டோபமின் கணக்கு

அமெரிக்காவில் ப்ராவிஜில் என்ற பெயரில் விற்கும் மாத்திரையின் குறிப்புத்தாளில் 'செயல்படும் விதம்' என்று ஒரு பகுதி உண்டு. மோடாஃபினில் எந்த வழியாக விழிப்பைக் கூட்டுகிறது என்பது தெரியாது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். 1998 டிசம்பரில் அங்கே அனுமதி பெற்ற மருந்து இது. பிரான்சில் அதற்கும் முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் "தெரியாது".

பார்மகாலஜி பாடம் நடத்திப் பிழைப்பவன் நான். இந்த ஒரு வரி எனக்கு எப்போதும் எரிச்சல் தரும். அது பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வரியைப் படிக்கிற மாணவனும் மருத்துவரும் நோயாளியும் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். 'வழி தெரியாத மருந்து' என்றால் ஏதோ மர்மமான, மென்மையான, ஆம்பெட்டமின் என்ற ஊக்கமருந்துக் குடும்பத்தோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத சாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இணையத்தில் 'ஸ்மார்ட் டிரக்' என்று கொண்டாடுகிறவர்களுக்கு அது இன்னும் வசதி. என் கருத்து இது: மோடாஃபினில் ஒரு டோபமின் மருந்து, அதாவது நரம்பு செல்கள் தங்களுக்குள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் டோபமின் என்ற ரசாயனத்தின் வழியாக வேலை செய்வது. அது எங்கே போய் ஒட்டுகிறது என்பது நன்றாகவே தெரியும். ஒட்டிய பிறகு ஏன் கொக்கெயின் மாதிரி ஆட்டம் போடுவதில்லை என்பதில்தான் இன்னும் வழக்கு முடியவில்லை.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் வகுப்பறை இல்லை. சித்தப்பா மகள் ஒருத்திக்கு நார்கோலெப்சி, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய். பிளஸ் ஒன் படிக்கும்போது ஆரம்பித்தது. வகுப்பில் தூங்கினாள், சாப்பிடும்போது தூங்கினாள், பஸ்ஸில் தூங்கி நாமக்கல்லில் இறங்க வேண்டியவள் சேலம் வரைக்கும் போயிருக்கிறாள். ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், மந்திரித்துத் தாயத்தும் கட்டினார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு இப்படித் தூக்கம் ஆகாது என்று சொல்லாத உறவினர் இல்லை. ஒரு நாள் என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னாள்: "அண்ணா, ரொம்பச் சிரிச்சா முட்டி மடங்கி உக்காந்துடறேன். தாடை தொங்கிடுது. ஆனா நினைவு இருக்கு. யார்கிட்டயாவது சொன்னா நடிக்கிறேன்னு சொல்லுவாங்க."

சிரித்தால் முட்டி மடங்குவதற்குப் பெயர் கேட்டப்ளெக்சி. பகலில் அடக்க முடியாத தூக்கமும் இதுவும் சேர்ந்து வந்தால் நார்கோலெப்சியைத் தவிர வேறு எதையும் முதலில் நினைக்கத் தேவையில்லை. 1880இல் ஜெலினோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த நோய்க்குப் பெயர் வைத்தபோது அவர் முன்னால் இருந்த நோயாளி மதுப் பீப்பாய் வியாபாரம் செய்தவர். அவருக்கும் இதே கதைதான், சிரித்தால் விழுவார். தங்கையைக் கோயம்புத்தூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். ராத்திரி முழுக்க ஒயர் மாட்டித் தூக்க ஆய்வு. மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருட்டறையில் படுக்க வைத்து, எத்தனை நிமிடத்தில் தூங்குகிறாள் என்று பார்த்தார்கள். சராசரி 8 நிமிடம் அல்லது அதற்குக் கீழே இருந்து, அந்தக் குட்டித் தூக்கங்களில் இரண்டிலாவது கனவுத்தூக்கம் உடனே வந்தால் நோய் உறுதி. சாதாரண ஆளுக்குக் கனவுத்தூக்கம் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அவளுக்குப் படுத்த சில நிமிடங்களில் வந்தது.

மூளைக்குள் நடந்திருப்பது என்னவென்றால், மூளையின் அடிப்பக்கம் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் ஒரெக்ஸின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பு செல்கள் அழிந்துபோயிருக்கின்றன. 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரெக்ஸினைக் கண்டுபிடித்தன. இரண்டே வருடத்தில், நார்கோலெப்சி இருந்து இறந்தவர்களின் மூளையில் இந்தச் செல்கள் பத்தில் ஒன்பது பங்கு காணாமல் போயிருப்பதும் தெரிந்துவிட்டது. நம்மை விழித்திருக்க வைக்கும் எல்லா மையங்களுக்கும், அதாவது ஹிஸ்டமின், நார்அட்ரினலின், டோபமின், செரடோனின் சுரக்கும் மையங்களுக்கு, இந்தச் செல்கள்தான் தொடர்ந்து உத்தரவு அனுப்புகின்றன. உத்தரவு நின்றுபோனால் விழிப்பும் தூக்கமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்கிறது. கனவுத்தூக்கத்தில் தசைகள் தளர்வது இயல்பு. அந்தத் தளர்ச்சி மட்டும் தனியாகப் பிரிந்து விழித்திருக்கும்போது வந்தால் கேட்டப்ளெக்சி.

மோடாஃபினில் பிறந்தபோது இது எதுவும் யாருக்கும் தெரியாது. பாரிஸ் பக்கம் லாஃபோன் என்ற சிறிய மருந்து நிறுவனம் 1970களில் வலிநிவாரணி தேடிக்கொண்டிருந்தது. தயாரித்த பொருட்களில் ஒன்றைக் கொடுத்ததும் எலிகள் அடங்காமல் ஓடின. அது அட்ரஃபினில். உடம்புக்குள் போனதும் அது மாறுகிற பொருள்தான் மோடாஃபினில். லியோன் நகரில் மிஷேல் ஷூவே இருந்தார். கனவுத்தூக்கத்துக்கு 'முரண் தூக்கம்' என்று பெயர் சூட்டிய மனிதர். பூனைகளிலும் பிறகு நோயாளிகளிலும் இந்த மருந்தைச் சோதித்தவர் அவர். நார்கோலெப்சி நோயாளிகளிடம் நல்ல பலன் தெரிகிறது என்று 1988இல் அவருடைய குழு எழுதியது. அதுவரை அந்த நோயாளிகளுக்கு இருந்த வழி பெரும்பாலும் 1930களிலிருந்து கொடுத்துவந்த ஆம்பெட்டமின்தான்.

ஆம்பெட்டமின் கொடுத்தால் மிருகங்கள் விழித்திருப்பதோடு நிற்காது. ஒரே இடத்தை முகர்ந்துகொண்டே இருக்கும், நிலைகொள்ளாமல் அலையும், மருந்து இறங்கியதும் தவறவிட்ட தூக்கத்துக்கு மேலேயும் சேர்த்துத் தூங்கும். மோடாஃபினிலில் அந்த அமளி குறைவு, பிறகு அடித்துப்போட்ட மாதிரி வரும் தூக்கமும் இல்லை. 1996இல் ஷூவேயின் குழு பூனைகளின் மூளையில் எந்தெந்தச் செல்கள் கிளர்ந்தன என்று ஒரு புரதத்தை வைத்துப் படம் எடுத்தது. ஆம்பெட்டமின் கொடுத்த மூளையில் மேற்பரப்பான புறணி, டோபமின் அதிகம் புழங்கும் ஸ்ட்ரையேட்டம் என்று பரவலாகப் புள்ளிகள். மோடாஃபினில் கொடுத்த மூளையில் முக்கியமாக முன்பக்க ஹைப்போதலாமஸில். அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் தோன்றும்: இது போதை மையத்தைத் தொடாமல் நேராகத் தூக்க மையத்துக்கே போகிறது.

'ஆம்பெட்டமின் இல்லாத விழிப்பு' என்ற விளம்பரத்துக்கு அந்தப் படம் எவ்வளவு உதவியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. அது ஓர் அருமையான ஆய்வு, சந்தேகமில்லை. ஆனால் எந்தச் செல்கள் கடைசியில் விழித்தன என்பதைத்தான் அது சொல்கிறது. மருந்து முதலில் எங்கே போய் ஒட்டியது என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை 1994லேயே பாதி வந்திருந்தது. ஸ்டான்ஃபோர்டில் மிக்னோவின் குழு மோடாஃபினிலை மூளையின் பலவகை ஏற்பிகளோடும் (ரசாயனச் செய்தியை வாங்கும் புரதங்கள்) கடத்திகளோடும் சேர்த்துப் பார்த்தது. எதிலும் ஒட்டவில்லை, ஒன்றைத் தவிர. அது டோபமின் கடத்தி. நரம்பு நுனியில் வெளியே கொட்டிய டோபமினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதம் இது. கொக்கெயினும், கவனக்குறைபாட்டுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட்டும் அடைப்பது இதைத்தான். அடைத்தால் டோபமின் வெளியே தேங்கி நிற்கும். மோடாஃபினிலின் பிடி மிகப் பலவீனமாக இருந்ததால், இவ்வளவு பலவீனமான பிடியா ஒருவரை நாள் முழுக்க விழிக்க வைக்கும் என்று பலர் அதை ஒதுக்கிவிட்டார்கள்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வகுப்பில் இதைப் பலகையில் எழுதிக் காட்டுவேன். ஆம்பெட்டமின் மாத்திரை 5, 10 மில்லிகிராம் அளவில் வரும். மோடாஃபினில் 200 மில்லிகிராம். ஒரு மாத்திரை போட்ட இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 4, 5 மில்லிகிராம் வரை ஏறுகிறது. மூலக்கூறு எடை 273. வகுத்தால் 15 மைக்ரோமோலாருக்கு மேல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை வைத்துச் செறிவைச் சொல்லும் அலகு இது). அதில் 60 சதவீதம் ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்று கழித்தாலும் ஆறு, ஏழு மிஞ்சும். கடத்தியைப் பாதியளவு அடைக்கத் தேவைப்படுவது ஒற்றை இலக்க மைக்ரோமோலார்தான். தேர் வடத்தில் ஒரு குழந்தை கை வைத்தால் தேர் அசையாது. ஊரே கை வைத்தால் நிலைக்கு வந்துவிடும். மருந்தின் பலவீனத்தை மாத்திரையின் அளவு ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம்.

மீதிப் பாதி விடை 2001இல் எலிகளிடமிருந்து வந்தது. டோபமின் கடத்தியே இல்லாமல் மரபணு மாற்றி வளர்த்த எலிகளுக்கு மோடாஃபினில் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மெத்ஆம்பெட்டமினும் அவற்றிடம் எடுபடவில்லை. காஃபின் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்தது. ஒரு மருந்து எதன் வழியாக வேலை செய்கிறது என்று கேட்டால், அந்த ஒன்றை எடுத்துவிட்டுப் பார்ப்பதைவிட நேரான சோதனை கிடையாது. பிறகு 2008இல் டோபமினின் டி1, டி2 ஏற்பிகளை முடக்கிப் பார்த்தார்கள். எலிகள் மோடாஃபினிலுக்கு மசியவில்லை. அடுத்த வருடம் நோரா வோல்கோவ் குழு ஆரோக்கியமான ஆண்கள் 10 பேருக்கு 200, 400 மில்லிகிராம் கொடுத்து பெட் ஸ்கேன் எடுத்தது. கடத்திகள் அடைபட்டிருந்தன, டோபமின் ஏறியிருந்தது. அதுவும் எங்கே? போதைப் பழக்கத்தோடு எப்போதும் சேர்த்துப் பேசப்படும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸிலும்கூட. எளிதில் ஆளாகக்கூடியவர்களிடம் கவனம் தேவை என்று அந்தக் கட்டுரை எச்சரித்தது.

அதே வருடம் சூரிச்சிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு எனக்குப் பிடித்தமானது. டோபமினைச் சிதைக்கும் காம்ட் என்ற நொதி சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்யும். அது பிறவியிலேயே முடிவாகிற விஷயம். தூங்காமல் வைத்து மோடாஃபினில் கொடுத்தபோது வேகநொதிக்காரர்களின் கவனமும் செயல்திறனும் நன்றாக நிமிர்ந்தன. மெதுநொதிக்காரர்களுக்குப் பலன் சொற்பம். ஒரே மாத்திரை, டோபமின் கணக்கு வேறு, பலனும் வேறு. மருந்தின் வழி மர்மம் என்று சொல்கிறவர்கள் இதை எதில் சேர்ப்பார்கள் என்று தெரியவில்லை.

சரி, டோபமின் மருந்துதான் என்றால் ஏன் கொக்கெயின் போலப் பழக்கமாவதில்லை? பாதிக் காரணம் எளிது. மெதுவாக ஏறுகிறது. தண்ணீரில் கிட்டத்தட்ட கரையவே கரையாது, அதனால் ஊசியில் ஏற்ற முடியாது. சூடாக்கினால் சிதைந்துவிடும், அதனால் புகைக்கவும் முடியாது. போதை என்பது பெரும்பாலும் வேகம் சார்ந்த விஷயம். இன்னொரு பாதி நுட்பமானது. டோபமின் கடத்தி ஒரு பக்கம் திறந்து டோபமினை வாங்கி, பிறகு மறுபக்கம் திறந்து செல்லுக்குள் விடும். கொக்கெயின் அது வெளிப்பக்கம் திறந்திருக்கும் நிலையில் பிடித்துப் பூட்டுகிறது. மோடாஃபினிலுக்கு அந்த நிலைமேல் அவ்வளவு பிடிவாதம் இல்லை, உட்பக்கம் சாய்ந்த நிலையிலும் ஒட்டுகிறது என்று சோதனைக்கூட செல்களில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே புரதத்தை வேறு வேறு கோலத்தில் பிடித்தால் மூளை ஏன் வேறு மாதிரி உணர வேண்டும்? உண்மையான 'தெரியாது' இந்த இடத்தில்தான் இருக்கிறது. குறிப்புத்தாளில் இதை எழுதியிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஹிஸ்டமின் ஏறுகிறது, காபா குறைகிறது, ஒரெக்ஸின் செல்கள் கிளர்கின்றன என்று எழுதப்பட்ட மற்றவையெல்லாம் பொய் இல்லை. பெரும்பாலும் டோபமின் தட்டிவிட்ட பிறகு நடக்கிறவை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

தங்கை விஷயத்திலும் இது கண்ணெதிரே தெரிந்தது. மோடாஃபினில் ஆரம்பித்ததும் பகல் தூக்கம் நன்றாகக் குறைந்தது. கேட்டப்ளெக்சி அசையவே இல்லை. சித்திக்கு ஒரே குழப்பம்: "ஒரே வியாதிதானே, மாத்திரை பாதிக்குத்தான் கேக்குமா?" பாதிக்குத்தான் கேட்கும். முட்டி மடங்குவதைத் தடுக்கிறது முக்கியமாக நார்அட்ரினலின் பக்கத்து வேலை, மோடாஃபினிலுக்கு அந்தப் பக்கம் கை நீளாது. அதற்காக வென்லஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்தார்கள். இப்போது கல்யாண வீடுகளில் சுவரைப் பிடிக்காமல் சிரிக்கிறாள்.

மாத்திரை மூளையில் செய்வதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். கழுத்துக்குக் கீழே அது செய்வதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, பெண்களுக்கு முக்கியமானது அங்கேதான் இருக்கிறது.

மோடாஃபினில் இரண்டு மூலக்கூறுகளின் கலவை. கண்ணாடியில் பார்த்தால் ஒன்று மற்றதன் பிம்பம்; ஒன்றை ஆர் என்றும் மற்றதை எஸ் என்றும் சொல்கிறோம். எஸ் நான்கைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆர் பாதியாக 15 மணி நேரம் ஆகும். தினமும் சாப்பிடுகிறவரின் உடம்பில், அடுத்த மாத்திரை போடும் நேரத்தில் மிஞ்சியிருப்பதில் 90 சதவீதம் ஆர் தான். காலை 7 மணிக்குப் போட்டது ராத்திரி 10 மணிக்கும் கணிசமாக உள்ளே இருக்கும் என்று அர்த்தம். மத்தியானம் தாண்டி ஒரு மாத்திரை போட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. ஆர் வடிவத்தை மட்டும் பிரித்து விற்பதுதான் ஆர்மோடாஃபினில், 2007இல் அமெரிக்க அனுமதி பெற்றது. நம் ஊர்க் கடைகளில் மாடலெர்ட் என்றால் கலவை, வேக்லெர்ட் என்றால் ஆர் மட்டும்.

மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் உடைத்து, வேலை செய்யாத இரண்டு பொருட்களாக்கி அனுப்பிவிடுகிறது. 10 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் முழுசாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. அதுவரை பிரச்சினை இல்லை. ஆனால் போகிற போக்கில் மோடாஃபினில் சிஒய்பி3ஏ4 என்ற கல்லீரல் நொதியின் உற்பத்தியைத் தூண்டிவிடுகிறது. கர்ப்பத்தடை மாத்திரையில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடியாலைச் சிதைப்பது அதே நொதி. மாலா-டி போன்ற மாத்திரை சாப்பிடுகிற பெண் மோடாஃபினிலும் சாப்பிட்டால், கர்ப்பத்தடை நம்ப முடியாததாகிவிடும். மோடாஃபினிலை நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் வேறு வழியையும் சேர்த்துக் கையாள வேண்டும் என்பது விதி. நிறுத்திய அன்றே சரியாகிவிடாது, கூடுதலாக உற்பத்தியான நொதி குறைய நாளாகும். இன்னொரு நொதியான சிஒய்பி2சி19ஐ இது அடக்கவும் செய்கிறது, அதனால் ஃபெனிட்டாய்ன், டயஸிபாம், ஒமெப்ரசோல் போன்றவை உடம்பில் வழக்கத்தைவிட அதிகமாகத் தங்கலாம். வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் சாப்பிடுகிறவர் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அண்ணனாக இருந்து பேசுவது எளிதல்ல என்பதை நம் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. கடைசியில் என் மனைவியை விட்டுச் சொல்லச் சொன்னேன். கர்ப்பத்தில் இந்த மருந்து குழந்தைக்குப் பிறவிக் குறை உண்டாக்கும் வாய்ப்பைக் கூட்டலாம் என்ற தரவு வந்து, 2020இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கர்ப்ப காலத்தில் மோடாஃபினில் கூடாது என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. ஒரு பக்கம் கர்ப்பத்தடையைப் பலவீனமாக்குகிறது, மறுபக்கம் கர்ப்பத்தில் ஆகாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கல்யாண வயதுப் பெண்ணுக்கு இந்த மாத்திரையை எழுதிக் கொடுக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது இதுதான். "இதை ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல அண்ணி?" என்று கேட்டாளாம். அவள் குழந்தைக்குத் திட்டமிட்டபோது நரம்பியல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் பேசி, மருந்தை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அந்த மாதங்களில் பகலில் நேரம் குறித்துக் குட்டித் தூக்கம், வண்டி ஓட்டக் கூடாது, வேலைக்கு விடுப்பு. மாத்திரை இல்லாமல் நார்கோலெப்சியோடு வாழ்வது என்ன என்று வீட்டில் எல்லாருக்கும் அப்போதுதான் புரிந்தது. தாயத்து கட்டியவர்களுக்கும்.

தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அபூர்வமாக அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற உயிருக்கு ஆபத்தான தோல் உரிதலில் முடியலாம். கவனக்குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ஸ்பார்லான் என்ற பெயரில் இதே மருந்தைக் கொண்டுவர 2006இல் நடந்த முயற்சியை இந்தப் பயம்தான் அமெரிக்காவில் தடுத்தது. மற்றபடி அதிகம் வருவது தலைவலி.

பணக்கதையைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். 2001இல் லாஃபோனை வாங்கியது அமெரிக்காவின் செஃபலான். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்கும் இரவுப்பணித் தூக்கக் கோளாறுக்கும் 2004இல் அனுமதி விரிந்தது, விற்பனையும் விரிந்தது. மலிவான நகல் மாத்திரைகள் வராமல் தள்ளிப்போட நான்கு நிறுவனங்களோடு, நம் ரான்பாக்ஸி உட்பட, செஃபலான் ஒப்பந்தம் போட்டது. அதன் மேல் அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கு 2015இல் 120 கோடி டாலரில் சமரசமானது. ஐரோப்பாவோ நேர் எதிராகப் போனது. 2010இல் மறுபரிசீலனை செய்து, நார்கோலெப்சிக்கு மட்டும் போதும், மற்றவற்றில் ஆபத்தை ஈடுகட்டும் அளவுக்குப் பலன் இல்லை என்று சுருக்கிவிட்டது. இந்த விஷயத்தில் நான் ஐரோப்பாவின் கட்சி.

ஏன் என்று சொல்கிறேன். என்னிடம் படித்த பையன் ஒருவன் சென்னையில் பார்மகோவிஜிலன்ஸ் வேலையில் இருக்கிறான். மருந்துகளின் பக்க விளைவுகளைப் பதிவு செய்கிற வேலை, அமெரிக்க நேரத்துக்கு. போன் செய்தான்: "சார், மூணு மணிக்குக் கண்ணு சொருகுது. டீமுல ரெண்டு பேர் மோடாஃபினில் போடுறாங்க. நல்லா இருக்குங்கறாங்க. நானும் போடலாமா?" பக்க விளைவுகளைத் தட்டச்சு செய்துகொண்டே கேட்கிறான் பாருங்கள்.

நல்ல இதழில் 2005இல் வந்த இரவுப்பணி ஆய்வை அவனுக்கு விளக்கினேன். இரவுப்பணித் தூக்கக் கோளாறு உள்ளவர்களை ராத்திரியில் இருட்டறையில் படுக்க வைத்தால் சராசரியாக 2.1 நிமிடத்தில் தூங்கினார்கள். மோடாஃபினில் 200 மில்லிகிராம் எடுத்த பிறகு 3.8 நிமிடம். முன்னேற்றம்தான், புள்ளியியலில் நிற்கும். ஆனால் நார்கோலெப்சிக்கே அளவுகோல் 8 நிமிடம் என்று மேலே சொன்னேனே, நினைவிருக்கிறதா? மாத்திரை போட்ட பிறகும் அவர்கள் கடுமையான தூக்கக் கலக்கத்தில்தான் இருந்தார்கள்.

அதைவிட என்னைப் பயமுறுத்துவது 1997இல் கனடாவின் ராணுவ ஆய்வகத்தில் செய்த ஒரு சோதனை. ஆட்களை 64 மணி நேரம் தூங்கவிடாமல் வைத்து, சிலருக்கு ஆம்பெட்டமின், சிலருக்கு மோடாஃபினில், சிலருக்கு வெறும் மாத்திரை. வேலை கொடுத்து, எவ்வளவு சரியாகச் செய்தாய் என்று அவர்களையே மதிப்பிடச் சொன்னார்கள். மோடாஃபினில்காரர்கள், மருந்து உச்சத்தில் இருந்த நேரத்தில், தங்கள் திறமையை உள்ளதைவிட உயர்வாக மதிப்பிட்டார்கள். "நல்லா இருக்குங்கறாங்க" என்று அவன் சொன்னானே, அந்த வாக்குமூலத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இது. மருந்தின் உச்சத்தில் மனிதன் தன்னைப் பற்றித் தாராளமாக நினைக்கிறான். காலை 7 மணிக்கு வேலை முடிந்து பழைய மகாபலிபுரம் சாலையில் பைக் ஓட்டுகிறவனுக்கு அந்தத் தாராளம் நல்லதில்லை.

காபியோடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தின் வால்ட்டர் ரீட் ஆய்வகத்தில் 2002இல், தூங்காமல் இருந்தவர்களுக்கு மோடாஃபினில் 400 மில்லிகிராமும் காஃபின் 600 மில்லிகிராமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் உதவின. 600 என்பது பெரிய அளவு, வீட்டில் யாரும் முயல வேண்டாம். ஆனாலும் மாய மாத்திரை என்ற பேச்சுக்கு அது போதும். காஃபின், தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்ற பொருளின் ஏற்பியை மறைக்கிறது, மோடாஃபினில் டோபமினைத் தேக்குகிறது. தூங்க வேண்டிய தூக்கத்தை இரண்டில் எதுவும் குறைப்பதில்லை. தங்கையின் நோயில் தூக்கக் கடன் கிடையாது. ராத்திரி எட்டு மணி நேரம் படுத்தாலும் விழிப்பைப் பிடித்து நிறுத்தும் செல்கள் இல்லை. அங்கே டோபமினைத் தேக்குவது நியாயமான சிகிச்சை. பையனுடையது வெறும் கடன். ராத்திரி வேலை முடித்துப் போய், இருட்டுத் திரை போட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தூங்கு, வேலைக்குப் போகும் முன் அரை மணி நேரம் கண் அயர்ந்துவிட்டுப் போ என்றேன். "அதெல்லாம் ரூம்மேட்ஸோட இருக்கும்போது முடியாது சார்" என்றான். அதுவும் உண்மைதான். அதற்கு பார்மகாலஜியில் பதில் இல்லை.

நார்கோலெப்சிக்கு இப்போது வேறு மருந்துகளும் வந்துவிட்டன. ஹிஸ்டமின் வழியில் வேலை செய்யும் பிடோலிசன்ட் ஐரோப்பாவில் 2016இல் அனுமதி பெற்றது. டோபமின், நார்அட்ரினலின் இரண்டையும் தேக்கும் சோல்ரியாம்ஃபெட்டால் அமெரிக்காவில் 2019இல். தங்கை ஆவலோடு கேட்பது இவற்றைப் பற்றி இல்லை. காணாமல் போன ஒரெக்ஸினின் வேலையை நேரடியாகச் செய்கிற மாத்திரைகள் மனிதர்களிடம் சோதனையில் இருக்கின்றன. அவற்றில் முதலாவதாக நம்பிக்கை தந்தது டிஏகே-994. விழிப்பும் கேட்டப்ளெக்சியும் சேர்ந்தே சீராயின, ஆனால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதால் 2021இல் சோதனையை நிறுத்திவிட்டார்கள். அதே வழியில் அடுத்த மூலக்கூறுகள் வந்துகொண்டிருக்கின்றன. "எப்பண்ணா கடைக்கு வரும்?" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்கிறாள். வந்தால், குறிப்புத்தாளில் 'செயல்படும் விதம்' பகுதியை இந்தத் தடவை நான் பார்க்கப் போவதில்லை. அதில் சந்தேகம் இருக்காது. கல்லீரல் பகுதியையும், கர்ப்பத்தடை மாத்திரை பற்றிய வரியையும்தான் முதலில் தேடுவேன்.